டி. வி. சுந்தரம் அய்யங்கார்

டி. வி. சுந்தரம் அய்யங்கார் (மார்ச் 22, 1877 – ஏப்ரல் 28, 1955) தென்னிந்தியாவில் சாலைப் போக்குவரத்துத் தொழிலுக்கு அடித்தளம் அமைத்த முன்னோடிகளுள் ஒருவர் ஆவார். திருக்குறுங்குடி வெங்கரம் சுந்தரம் அய்யங்கார் என்பது இவரது முழுப்பெயர். அப்பெயரின் முதலெழுத்துகளே டி. வி. எஸ். என்னும் தொழில் குழுமத்தின் பெயராக நிலைத்தன. மதுரையை மையமாகக் கொண்டு இவர் நடத்திய பேருந்துகள் காலந்தவறாமைக்குப் பெயர்பெற்றவை. அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தின் சாலைகளும் இவரது தொடக்ககாலத் தடங்களுள் அடங்கும்.

பேருந்து நடத்துபவராகத் தொடங்கிய இவரது தொழில், பணிமனை, டயர் புதுப்பித்தல், உதிரிப்பாக விற்பனை என விரிந்தது. இவரது மறைவுக்குப் பின் வாரிசுகள் பிரேக் உள்ளிட்ட வாகன உறுப்புகளைத் தாமே உற்பத்தி செய்யலாயினர். தேய்ந்த உறுப்பைப் புதுப்பிப்பதா, முற்றிலும் மாற்றுவதா என்ற கேள்வி இத்தொழில் முழுவதிலும் ஊடுருவி நிற்பதாகும். இன்றைய மகிழுந்தில் பிரேக் பேடுகளை மாற்றும்போது டிஸ்க்கையும் மாற்ற வேண்டுமா என்று உரிமையாளர் எழுப்பும் கேள்வியும் அதுவே.

பிறப்பும் இளமையும்

சுந்தரம் அய்யங்கார் திருநெல்வேலி மாவட்டம் திருக்குறுங்குடியில் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள இவ்வூர், 108 வைணவத் திவ்விய தேசங்களுள் ஒன்றான நம்பி கோயிலால் அறியப்படுவது. தந்தையின் விருப்பப்படி முதலில் வழக்கறிஞர் தொழிலில் ஈடுபட்டார். பின்னர் இரயில்வேயிலும் ஒரு வங்கியிலும் பணியாற்றினார். நிலையான சம்பளம் தரும் வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழிலில் இறங்கியபோது இவருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. மனைவியின் பெயர் இலட்சுமி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்மாவட்டங்களின் பயணம் பெரும்பாலும் மாட்டுவண்டியையும் குதிரை வண்டியையும் நம்பியிருந்தது. இருப்புப்பாதை சில பெரிய ஊர்களை மட்டுமே இணைத்தது. நிலையத்திலிருந்து உள்ளூர்களுக்குச் செல்வோர் மணிக்கணக்கில் வண்டியில் பயணம் செய்ய வேண்டியிருந்தது. மோட்டார் வாகனம் அப்போது செல்வந்தர்களின் வீட்டுப் பொருளாகவே கருதப்பட்டது. கட்டணம் செலுத்தும் எவரும் ஏறிச்செல்லும் பொதுப் பயன்பாட்டுக்கு அதனைக் கொண்டுவந்தது சுந்தரம் அய்யங்கார் போன்றோரின் பணியாகும்.

பேருந்துச் சேவை

டி. வி. எஸ். குழுமம் தனது தொடக்க ஆண்டாக 1911ஐக் கொள்கிறது. மதுரையில் இவர் பேருந்துச் சேவையைத் தொடங்கிய ஆண்டாக 1912 குறிப்பிடப்படுகிறது. பின்னாளில் சதர்ன் ரோடுவேஸ் என்ற நிறுவனத்தின் கீழ் பேருந்துகளும் சரக்குந்துகளும் இயங்கின. தாய் நிறுவனம் டி. வி. சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ் என்ற பெயரில் வளர்ந்தது.

அக்காலப் பேருந்து என்பது இன்று நாம் காணும் பேருந்து அன்று. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான சட்டகத்தின் மீது உள்ளூர்த் தச்சர்கள் மரத்தால் உடற்கூடு அமைப்பர். உதிரி உறுப்புகள் கப்பலில் வர வேண்டும். ஓர் உறுப்பு எதிர்பாராமல் பழுதுற்றால் மாற்று வரும்வரை வண்டி நிற்க வேண்டியதுதான். எனவே பேருந்து நடத்துவோருக்கு ஓட்டுநரைப் போலவே பழுதுநீக்குநரும் இன்றியமையாதவராக இருந்தார்.

புதுக்கோட்டை சமஸ்தானமும் சாலைகளும்

இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் பெரும்பகுதி அன்று தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் தனிச் சமஸ்தானமாக இருந்தது. அது 1948 மார்ச் 3ஆம் நாள் இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டு, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 சனவரி 14 அன்று தனி மாவட்டமாக உருவானது.

புதுக்கோட்டை நகருக்கு இருப்புப்பாதை 1929ஆம் ஆண்டில்தான் வந்தது. அதுவரை தலைநகரைத் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, மதுரை ஆகிய நகரங்களுடனும் அருகிலுள்ள செட்டிநாட்டு ஊர்களுடனும் இணைத்தவை சாலைகளே. நீதிமன்றத்திற்குச் செல்வோர், வணிகர்கள், மருத்துவம் நாடுவோர், கல்லூரி மாணவர்கள் ஆகிய அனைவருக்கும் மோட்டார் பேருந்தே விரைவான வழியாக இருந்தது. ஆகவே பேருந்து குறித்த நேரத்தில் வருவதும், பாதுகாப்பாகச் சென்று சேர்வதும் இப்பகுதி மக்களுக்கு வசதி மட்டுமன்றித் தேவையும் ஆயின. புதுக்கோட்டை நகரில் டி. வி. எஸ். கார்னர் என வழங்கும் இடம், இந்நிறுவனத்துக்கும் நகருக்கும் இருந்த தொடர்பை இன்றும் நினைவூட்டுகிறது.

இப்பகுதியின் நிலம் பெரும்பாலும் சமதளமானது. எனினும் செம்மண் புழுதி மிகுந்தது. பிரேக்கில் தேய்மானத்தை உண்டாக்குவது வேகம் மட்டுமன்று. உராயும் பரப்புகளுக்கு இடையே புகும் நுண்மணலும் அவற்றை அரிக்கும். எனவே மலைப்பாதையே இல்லாத ஊர்களிலும் பிரேக்கை அவ்வப்போது திறந்து பார்ப்பது அவசியமாகிறது.

காலந்தவறாமையும் பராமரிப்பும்

டி. வி. எஸ். பேருந்து கடந்து செல்வதைப் பார்த்து மக்கள் தம் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டனர் என்பது தென்மாவட்டங்களில் இன்றும் வழங்கும் செய்தியாகும். பயணிகள் குறைவாக இருந்தாலும் குறித்த நேரத்தில் வண்டி புறப்பட்டுவிடும் என்பர்.

இதனோடு சேர்த்துச் சொல்லப்படும் மற்றொரு செய்தி காந்தத்தைப் பற்றியது. மாடுகளின் குளம்பில் அடிக்கப்படும் லாடத்தின் ஆணிகள் கழன்று சாலையெங்கும் சிதறிக் கிடக்கும். அவை பேருந்தின் டயர்களைத் துளைத்து வண்டியை நடுவழியில் நிறுத்திவிடும். இதனைத் தவிர்க்கப் பெரிய காந்தம் பொருத்திய வண்டி ஒன்றை முன்னதாக அனுப்பிச் சாலையிலுள்ள ஆணிகளை அகற்றச் செய்தார் என்று கூறப்படுகிறது. பழுது நேர்ந்த பின் சரிசெய்வதைவிட நேருமுன் தடுப்பது மேல் என்னும் அணுகுமுறையை இச்செய்தி காட்டுகிறது. இன்று இது தடுப்புப் பராமரிப்பு எனப்படுகிறது.

காலந்தவறாமையும் பராமரிப்பும் ஒன்றையொன்று சார்ந்தவை. வண்டி நிற்காமல் ஓட வேண்டுமானால் எந்த உறுப்பு எவ்வளவு தேய்ந்துள்ளது என்பது பணிமனைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எல்லா உறுப்புகளையும் அடிக்கடி மாற்றினால் தொழில் நட்டத்தில் முடியும். எதையும் மாற்றாமல் ஓட்டினால் வண்டி நிற்கும், அல்லது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமற்போகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைக் காட்டுவது அளவுகோல் ஒன்றே.

அக்காலப் பேருந்தின் பிரேக்

முதல் தலைமுறைப் பேருந்துகளில் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக் இருந்தது. நான்கு சக்கரங்களிலும் பிரேக் அமைக்கும் வழக்கம் 1920களில்தான் பரவியது. திரவ அழுத்தத்தால் இயங்கும் பிரேக், விற்பனைக்கு வந்த மகிழுந்தில் முதன்முதலில் அமெரிக்காவின் டியூசன்பர்க் நிறுவனத்தால் 1921ஆம் ஆண்டளவில் பயன்படுத்தப்பட்டது. அதற்கு முன் மிதியின் விசை கம்பிகளாலும் தண்டுகளாலுமே சக்கரத்தைச் சென்றடைந்தது.

சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்பு டிரம்மின் உட்புறத்தை, பிறை வடிவிலான இரு ஷூக்கள் அழுத்துவதே டிரம் பிரேக்கின் அமைப்பாகும். ஷூவின் மேல் லைனிங் எனப்படும் உராய்வுப் பட்டை குடையாணிகளால் பொருத்தப்பட்டிருக்கும். நீண்ட காலம் இப்பட்டைகள் கல்நார் கலந்து செய்யப்பட்டன. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு விளைவிப்பது உறுதியானதால், பிற்காலத்தில் கல்நார் இல்லாத கலவைகள் பயன்பாட்டுக்கு வந்தன.

இவ்வமைப்பில் பட்டை தேய்வதற்கென்றே வைக்கப்பட்டது. டிரம் நெடுங்காலம் நிற்பதற்காக அமைந்தது. பட்டை தேய்ந்ததும் பழைய ஆணிகளைக் கழற்றிப் புதிய பட்டை அடிப்பார்கள். காலங்கடத்தினால் ஆணித்தலைகள் டிரம்மின் பரப்பைக் கீறத் தொடங்கும். சிறு கீறல்களை லேத் எந்திரத்தில் கடைந்து நீக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை கடையும்போதும் டிரம்மின் உள்விட்டம் பெருகி, அதன் சுவர் மெலிகிறது. குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிய டிரம் வெப்பத்தால் விரியும், வெடிக்கவும் கூடும். எனவே புதுப் பட்டை அடிக்கும் ஒவ்வொரு முறையும் டிரம்மையும் அளந்து பார்ப்பது நல்ல பணிமனையின் வழக்கமாகும்.

பிரேக்கின் வேலை வண்டியின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுவது. 5 டன் எடையுள்ள பேருந்து மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 309 கிலோஜூல் ஆகும். அறை வெப்பநிலையில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பமும் கிட்டத்தட்ட இவ்வளவே. பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்தில் நிற்கும்போதும் இவ்வளவு வெப்பத்தைப் பெரும்பாலும் டிரம்மின் இரும்பே வாங்கிக்கொள்கிறது. மெலிந்த இரும்பு அதே வெப்பத்தால் கூடுதலாகச் சூடேறும்.

போர்க்காலம்

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கடும் தட்டுப்பாட்டுக்கு உள்ளாகிப் பங்கீட்டு முறை வந்தது. பல பேருந்துகள் ஓடாமல் நின்றன. இந்நிலையில் சுந்தரம் அய்யங்கார் டி. வி. எஸ். கேஸ் பிளாண்ட் என்ற கரிவாயுக் கலனை வடிவமைத்து உற்பத்தி செய்தார். வண்டியோடு இணைக்கப்பட்ட உருளையில் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரிக்கும்போது கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு உண்டாகும். அதனைக் குளிர்வித்து, வடிகட்டி எஞ்சினுக்குள் செலுத்தினால் பெட்ரோல் இல்லாமலே வண்டி ஓடும். வேகமும் இழுவையும் குறைவு. புறப்படுமுன் கரியைப் பற்றவைத்துக் காத்திருக்கவும் வேண்டும். ஆயினும் போக்குவரத்து முற்றிலும் நின்றுபோகாமல் காத்தவை இத்தகைய கலன்களே.

1942இல் மலாயா சப்பானியர் வசமானதும் நேச நாடுகளுக்கு இயற்கை இரப்பர் வரத்து வெகுவாகக் குறைந்தது. புதிய டயர் கிடைப்பது அரிதாயிற்று. சுந்தரம் அய்யங்கார் டயர் புதுப்பிக்கும் தொழிலிலும் ஈடுபட்டார். சாலையைத் தொடும் மேற்பரப்பு தேய்ந்த டயரின் மீது புதிய இரப்பரை வைத்து வெப்பத்தால் இணைப்பதே இம்முறை. இதிலும் கேள்வி பழையதே. மேலடுக்கு தேய்வதற்கென்று உள்ளது. உட்கூடு வலுவாக இருந்தால் மட்டுமே புதிய மேலடுக்கு பயன்தரும். நூலிழை அறுந்த உட்கூட்டின் மீது எவ்வளவு நல்ல இரப்பரை ஒட்டினாலும் அந்த டயர் ஓடும்போது வெடிக்கும். எனவே டயர் புதுப்பித்தலின் முதற்படி ஒட்டுவதன்று. ஏற்கத்தக்க டயரையும் தள்ளத்தக்க டயரையும் ஆராய்ந்து பிரிப்பதாகும்.

விற்பனையும் பிற நிறுவனங்களும்

அமெரிக்காவின் செனரல் மோட்டார்சு நிறுவனம் 1928இல் பம்பாயில் வாகனங்களைப் பூட்டி விற்கத் தொடங்கியது. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனங்கள் அதன் வாகனங்களைத் தென்னிந்தியாவில் விற்பனை செய்தன. சுந்தரம் மோட்டார்சு 1950களில் அந்நிறுவனத்தின் பெரிய விநியோகத்தராக விளங்கியது. உதிரிப்பாக வணிகத்திற்காக மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் நிறுவனம் அமைந்தது.

விடுதலைக்குப் பின் இந்திய அரசு, வாகனங்களை வெறுமனே பூட்டி விற்பதை ஊக்குவிக்காமல், உள்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்வோரை மட்டும் ஆதரிக்கும் கொள்கையை மேற்கொண்டது. செனரல் மோட்டார்சு 1954இல் இந்தியாவில் வாகனம் பூட்டுவதை நிறுத்தியது. அதே ஆண்டில் இவரது மகன் டி. எஸ். சந்தானம் வணிக வாகனங்களுக்குக் கடனுதவி வழங்கும் சுந்தரம் பைனான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். வாங்கி விற்கும் தொழிலிலிருந்து உறுப்புகளை உற்பத்தி செய்யும் தொழிலுக்குக் குடும்பம் நகர்ந்ததன் பின்னணி இதுவாகும்.

குடும்பம்

மகன்கள் டி. எஸ். இராஜம், டி. எஸ். சந்தானம், டி. எஸ். சீனிவாசன், டி. எஸ். கிருஷ்ணா ஆகியோர் தொழிலை ஏற்று விரிவாக்கினர்.

மகள் டி. எஸ். சௌந்தரம் (1904–1984) இளம் வயதிலேயே மணமுடிக்கப்பட்டுப் பின் கணவரை இழந்தார். அக்காலச் சமூக வழக்கத்திற்கு மாறாக அவர் தில்லி லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். காந்தியின் வழிகாட்டுதலில் 1940இல் கோ. இராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். கைம்பெண் மறுமணம் பெரும் எதிர்ப்பைச் சந்தித்த காலம் அது. இருவரும் இணைந்து 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினர். சௌந்தரம் பின்னர் சட்டமன்ற உறுப்பினராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் மத்திய துணை அமைச்சராகவும் பணியாற்றினார். 1962இல் பத்ம பூசண் விருது பெற்றார்.

மறைவு

சுந்தரம் அய்யங்கார் தொழில் பொறுப்பை மகன்களிடம் ஒப்படைத்த பின் ஓய்வில் இருந்தார். 1955 ஏப்ரல் 28ஆம் நாள் கொடைக்கானலில், தமது 78ஆம் வயதில் காலமானார்.

மறைவுக்குப் பின்: பிரேக் உற்பத்தி

சுந்தரம் அய்யங்கார் மறைந்த அதே 1955ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பிரான்சின் சித்ரோவன் நிறுவனம் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் பொருத்திய டி.எஸ். மகிழுந்தை அறிமுகப்படுத்தியது. டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தின் பிரெடரிக் லான்செஸ்டர் 1902இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். 1953இல் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் கொண்ட சாகுவார் வண்டி வென்ற பிறகே அதன் மேன்மை உலகறிந்தது. சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டை இருபுறமும் பேடுகள் கவ்விப் பிடிப்பது இதன் அமைப்பு. வட்டு காற்றில் வெளிப்படையாக இருப்பதால் டிரம்மைவிட விரைவில் குளிரும்.

இந்தியாவில் பிரேக் உறுப்புகளின் உற்பத்தியில் டி. வி. எஸ். குடும்பத்தினர் முன்னணியில் நின்றனர். பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகிய இரு நிறுவனங்களும் 1962இல் பிரித்தானிய நிறுவனங்களின் கூட்டுறவுடன் சென்னை பாடியில் தொடங்கப்பட்டன. முன்னது திரவ பிரேக்குகளையும் பின்னது பேருந்து, சரக்குந்துகளுக்கான காற்றழுத்தப் பிரேக் உறுப்புகளையும் உற்பத்தி செய்தன. உராய்வுப் பட்டைகளுக்கென சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974இல் உருவானது. இவ்வாறு, பேருந்துப் பணிமனையில் தேய்ந்த பட்டையை மாற்றிய தலைமுறைக்கு அடுத்த தலைமுறை அப்பட்டையையே செய்யத் தொடங்கியது.

குடும்பத்தின் பயணிகள் பேருந்துச் சேவையோ அரசுடைமையாயிற்று. 1972 சனவரியில் அப்பேருந்துகளைக் கொண்டு மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் அமைக்கப்பட்டது. புதுக்கோட்டை மாவட்டத்தின் அரசுப் பேருந்துகளை இன்று தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டம் இயக்குகிறது.

பேடு மாற்றும்போது டிஸ்க்கையும் மாற்ற வேண்டுமா?

டிரம் பிரேக்கில் பட்டைக்கும் டிரம்முக்கும் உள்ள உறவே டிஸ்க் பிரேக்கில் பேடுக்கும் வட்டுக்கும் உள்ளது. பேடு விரைவில் தேயும். வட்டு மெல்லத் தேயும். புதிய பேடின் உராய்வுப் பொருள் பொதுவாக 10 மி.மீ. அளவு தடிப்புடையது. அது 2 முதல் 3 மி.மீ. ஆகும்போது மாற்றப்படுகிறது. அவ்வேளையில் வட்டையும் உடன் மாற்ற வேண்டும் என்று சில பணிமனைகளும், பேடு மட்டும் போதும் என்று சில உரிமையாளர்களும் வற்புறுத்துவதுண்டு. வட்டை அளந்து பார்க்காதவரை இரண்டுமே ஊகம்தான்.

தடிப்பு: ஒவ்வொரு வட்டுக்கும் குறைந்தபட்சத் தடிப்பு ஒன்றை உற்பத்தியாளர் வரையறுக்கிறார். பெரும்பாலும் அவ்வெண் வட்டின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரால் வட்டைச் சுற்றிப் பல இடங்களில் அளந்து, அவற்றுள் மிகக் குறைந்த அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். விளிம்பில் தேயாமல் நிற்கும் மேட்டைச் சேர்த்து அளந்தால் உண்மைத் தடிப்பைவிடக் கூடுதலான எண் கிடைக்கும்.

இன்றைய அளவு எல்லைக்கு மேல் இருந்தால் மட்டும் போதாது. புதிய பேடு தேய்ந்து முடியும்வரை வட்டு எல்லைக்கு மேலேயே இருக்குமா என்று பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 22 மி.மீ. தடிப்புள்ள வட்டின் எல்லை 20 மி.மீ. எனக் கொள்வோம். முதல் பேடு மாற்றத்தின்போது 21.2 மி.மீ. இருந்தால், ஒரு பேடு தேயும் காலத்தில் வட்டு 0.8 மி.மீ. தேய்ந்துள்ளது. அடுத்த பேடின் முடிவில் அது 20.4 மி.மீ. ஆகும் என எதிர்பார்க்கலாம். எனவே வட்டைத் தொடரலாம். இரண்டாம் மாற்றத்தின்போது 20.4 மி.மீ. இருந்தால், புதிய பேடு முடியுமுன் வட்டு 19.6 மி.மீ. ஆகி எல்லையைக் கடந்துவிடும். எனவே அப்போதே வட்டையும் மாற்றுவது முறையாகும்.

நடுக்கம்: பிரேக் மிதிக்கும்போது மிதியோ கைச்சக்கரமோ அதிர்ந்தால் வட்டின் தடிப்பு இடத்துக்கு இடம் வேறுபடுகிறது எனலாம். ஒரு மி.மீ.இன் நூறில் ஒன்றிரண்டு பங்கு வேறுபாடே அதிர்வை உண்டாக்கப் போதுமானது. சுழலும்போது வட்டு பக்கவாட்டில் ஆடுவதை டயல் கேஜ் என்னும் கருவியால் அளக்கலாம். சக்கர மையத்தில் படிந்த துருவும் இத்தகைய ஆட்டத்தை உண்டாக்கும் என்பதால், அதனைத் துடைத்தபின் மீண்டும் அளக்க வேண்டும்.

பரப்பு: விரிசல் உள்ள வட்டு, தடிப்பு எவ்வளவு இருந்தாலும் தள்ளத்தக்கது. பேடு முற்றிலும் தேய்ந்து அதன் இரும்புத் தகடு உரசியதால் ஏற்பட்ட ஆழமான பள்ளங்கள், மிகைவெப்பத்தைக் காட்டும் நீலத் திட்டுகள் ஆகியவையும் ஐயத்துக்குரியவை. மழையில் நின்ற வண்டியின் வட்டில் படியும் மெல்லிய துரு சில முறை பிரேக் பிடித்ததும் நீங்கிவிடும். அது மாற்றுவதற்குக் காரணமாகாது.

கடைதல்: பள்ளமுள்ள வட்டை லேத்தில் கடைந்து சமன்செய்யலாம். ஆனால் கடைந்த பின்னும் மேற்கூறிய கணக்கின்படி போதிய தடிப்பு எஞ்ச வேண்டும். கடைகூலி புதிய வட்டின் விலையை நெருங்குமானால் புதியதே சிக்கனம்.

இணை: வட்டை மாற்றுவதானால் ஒரே அச்சின் இரு சக்கரங்களிலும் மாற்ற வேண்டும். இல்லையேல் வண்டி ஒரு பக்கமாக இழுக்கக்கூடும். புதிய வட்டின் மீது பழைய பேடைப் பொருத்துவதும் தவறு. மாற்றிய பின் முதல் சில கிலோமீட்டர்களில் மிதமான வேகத்தில் பலமுறை மெல்ல பிரேக் பிடித்து இரு பரப்புகளையும் ஒன்றோடொன்று பழக்க வேண்டும்.

எல்லையைக் கடந்த வட்டின் இடர் என்ன என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1,000 கி.கி. எடையுள்ள மகிழுந்து மணிக்கு 80 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க ஏறத்தாழ 247 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாற வேண்டும். அதில் 70 விழுக்காட்டை, தலா 5 கி.கி. எடையுள்ள இரு முன்வட்டுகள் வாங்கினால் அவற்றின் வெப்பநிலை ஒரே நிறுத்தத்தில் ஏறத்தாழ 35 பாகை செல்சியசு உயரும். பத்தில் ஒரு பங்கு இரும்பு தேய்ந்திருந்தால் உயர்வு 38 பாகையைத் தாண்டும். ஒரு நிறுத்தத்தில் இவ்வேறுபாடு சிறிது. ஆனால் கொடைக்கானல் மலைப்பாதையில் சுமார் 1,800 மீட்டர் இறங்கும் அதே வண்டி வெளியிடும் ஆற்றல், அத்தகைய நிறுத்தங்கள் ஏறத்தாழ எழுபதுக்குச் சமம். ஒரு பகுதியை எஞ்சினும் காற்றுத்தடையும் ஏற்றாலும், எஞ்சியதைத் தாங்க வேண்டியது பிரேக்கே. வட்டு அளவுக்கு மீறிச் சூடேறினால் பேடின் பிடிப்பு குறையும். பிரேக் எண்ணெய் கொதித்து மிதி வெறுமையாக இறங்கும். மேலும் வட்டும் பேடும் சேர்ந்து மெலியும்போது அழுத்தும் பிஸ்டன் தன் உருளையை விட்டு வெகுதூரம் வெளியே வர நேரிடும்.

நினைவு

மதுரையில் டி. வி. எஸ். நகர் என்னும் குடியிருப்புப் பகுதி இவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1980இல் ஒசூரிலிருந்து வெளிவந்த டி. வி. எஸ். 50 மொபெட் வழியாக இவரது பெயரின் முதலெழுத்துகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கும் சென்றன. குழுமத்தின் நிறுவனங்கள் பின்னாளில் குடும்பக் கிளைகளிடையே பிரிக்கப்பட்டுத் தனித்தனியே இயங்குகின்றன.

சுந்தரம் அய்யங்காரின் பேருந்துகள் இன்று ஓடவில்லை. அவற்றின் பயணிகள் நேரத்தை நம்பினர். அந்நேரத்தைக் காத்தது பணிமனையில் நடந்த சோதனை. தேயும் உறுப்பை உரிய காலத்தில் மாற்றுவதும், நிலைக்கும் உறுப்பை அளந்து பார்த்த பின்னரே தொடர்வதும் சிற்றுந்து வைத்திருக்கும் எவரும் இன்றும் பின்பற்றத்தக்க முறைகளாகும்.